மரத்துக்கு எழுபது, நாயனக்காரருக்கு அறுபது

நாயனம், அதாவது நாதஸ்வரம், கடைய ஆச்சா மரம் வேண்டும். புதிதாக வெட்டியது ஆகாது. எங்காவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று தெரிந்தால், அதன் உத்தரத்தையும் தூணையும் கேட்டு, நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்காரர்கள் போவார்கள். எழுபது எண்பது வருஷம் காற்றும் அடுப்புப் புகையும் பட்டு ஈரம் வற்றிய கட்டைதான் நாதம் பேசும். 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய வாத்தியம் அது. அதே வாத்தியத்தை ஊதுகிறவருக்கு அறுபது தாண்டிவிட்டால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் புதிதாகச் சேர வழியில்லை. 18 முதல் 60 வரைதான். மரம் வற்றினால் விலை ஏறுகிறது, மனுஷன் வற்றினால் படிவம் கிடையாது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் இருக்கிற நையாண்டி மேளச் செட்டுக்காரர்கள் முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

நமக்கு வயதாவதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, மாவட்டக் கலைமன்றத்தின் விருதுகளே சொல்லிவிடும். 18 வயதுவரை கலை இளமணி. 19 முதல் 35 வரை கலை வளர்மணி. 50 வரை கலை சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. வளர்ந்து, சுடர்ந்து, நல்லவராகி, கடைசியில் முதுமணி. விண்ணப்பத்தோடு வயதுச் சான்று கேட்பார்கள். ஆதாரில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, வாக்காளர் அட்டையில் ஒரு தேதி என்று மூன்று பிறந்த நாள் வைத்திருப்பவர்கள் எங்கள் தொழிலில் அதிகம். மூன்றையும் ஒன்றாக்காமல் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். இல்லையென்றால் ஒரே ஆள் ஒரு மேசையில் நன்மணி, அடுத்த மேசையில் முதுமணி.

வயது முதலில் கைவைப்பது பல்லில். கரகாட்டத்துக்கு வாசிக்கிற நையாண்டி மேளத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு. இதில் தவில்காரருக்குப் பல் முழுக்கப் போனாலும் தொழில் போகாது, சோளக்கதிர்தான் போகும். நாயனக்காரருக்கு முன்பல் என்பது வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்கு அண்டைச் சுவர். உதடு சீவாளியைக் கவ்வும்போது பின்னாலிருந்து தாங்குவது பல்தான். அது ஆடினால் உதடு உள்ளே மடங்கும், ஓரத்தில் காற்று கசியும், மேல் ஸ்தாயியில் சுருதி நழுவும். பிடித்த உதட்டை இன்னும் இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பத்து நிமிஷத்தில் உதடு மரத்துப்போகும், அப்புறம் வருவது சங்கீதம் அல்ல, பிரஷர் குக்கர்.

பல் மருத்துவரிடம் போகிறபோது சீவாளியைக் கையில் கொண்டுபோங்கள். "நான் ஊதுகிற தொழில்" என்று வாயால் சொன்னால் அடுப்பு ஊதுவது என்று நினைப்பவர்களும் உண்டு. முன்பற்களை ஒரே நாளில் மொத்தமாகப் பிடுங்க ஒப்புக்கொள்ள வேண்டாம். பிடுங்குவதற்கு முன்னாலேயே பல்வரிசைக்கு அச்சு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதுப் பல் பழைய சாய்விலேயே அமைந்தால் உதடு இடத்தைத் தேடி அலையாது. பக்கத்துப் பல்லைக் கொக்கி போட்டுப் பிடிக்கிற பகுதிச் செட், ஊதும்போது ஓரளவு நிற்கும். மேல்வாய் முழுச் செட் அப்படி அல்ல. அது அண்ணத்தில் எச்சிலின் பிடிப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது. அழுத்தி ஊதினால் காற்று அதன் ஓரத்தில் புகுந்து செட்டைக் கழற்றிவிடும். ஒட்டுகிற பசை மருந்துக்கடையில் கிடைக்கிறது. கச்சேரிக்கு அரைமணி முன்னால் போட்டுக் கடித்துப் பிடிக்க வேண்டும், மேடையேறிய பிறகு அல்ல. வசதி இருந்தால் எலும்பில் திருகிப் பதிக்கிற பல்தான் எங்கள் தொழிலுக்குச் சரி. புதுப் பல்லோடு முதல் மூன்று நான்கு வாரம் நாளுக்குப் பத்து நிமிஷம், கீழ் ஸ்தாயியில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிற கார்வை மட்டும். வேகமாக உருட்டுகிற பிருகா எல்லாம் அப்புறம்.

அடுத்தது எச்சில். வயதானால் வாய் வறளும், ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரையும் சேர்ந்தால் கூடுதலாக வறளும். சீவாளி நாணலில் செய்தது, ஈரம் இல்லாவிட்டால் இரண்டு இதழும் சேர்ந்து அதிராது, பிசிறடிக்கும். அதற்காகத்தான் சீவாளி மாட்டுகிற கெண்டைப் பக்கம் தொங்கும் கொத்தில் நாலைந்து சீவாளி, ஊசி எல்லாம் இருக்கிறது, அழகுக்கு இல்லை. ஒன்றை ஊதும்போது இன்னொன்றை வெறும் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்ளலாம். டீ குடித்த வாயோடு ஊதக் கூடாது. சர்க்கரை இதழுக்குள் படிந்து காயும், துவாரம் குறுகும், ராத்திரி பெட்டிக்குள் எறும்பு வரும். காலையில் முதல் ஷட்ஜத்தோடு எறும்பும் வாயில் வந்து சேரும். வெற்றிலை பாக்கு இன்னும் மோசம். பாக்குத்தூள் சீவாளியில் அடைக்கும், சுண்ணாம்பு உதட்டை அரிக்கும், பல்லும் சீக்கிரம் போகும்.

மூச்சு குறைந்தவர்கள் கனத்த சீவாளியைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இளசான, மெலிதாகச் சீவிய சீவாளிக்கு மாறினால் பாதி மூச்சில் சத்தம் வரும். சுருதி கொஞ்சம் இறங்கும், அதற்குக் கெண்டையில் சுற்றிய நூலில் ஒரு சுற்றைக் குறைத்து, நாயனத்தின் மரக்குழலான உலவுக்குள் இன்னும் சற்று இறக்கிக்கொண்டால் போதும். நையாண்டிக்குத் திமிரி நாயனம்தான் வழக்கம். நீளம் குறைவு, சுருதி தூக்கல். ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய பாரி நாயனம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு, கனமும் அதிகம். அறுபதுக்கு மேல் கரகாட்டக்காரரோடு குதித்துக்கொண்டே பாரியைத் தூக்கி ஊதுவேன் என்கிறவரைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை, ஆனால் ஆம்புலன்ஸ் எண் 108.

இறுக்கி ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். குளுக்கோமா இருப்பவர்களுக்கு இது சும்மா விஷயமில்லை. கண் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லி அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்புரை அறுவை சிகிச்சை செய்தால் எத்தனை வாரம் ஊதக் கூடாது என்று கேட்டு, அந்தத் தேதிக்குப் பிறகே அச்சாரம் வாங்குங்கள். குடலிறக்கம் இருந்தும் வேட்டியை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேட்டி அதற்கு மருந்தல்ல.

முழங்கால் பற்றிச் சொல்லாவிட்டால் பம்பைக்காரர் கோபித்துக்கொள்வார். நையாண்டி என்றாலே குனிந்து, வளைந்து, முட்டிபோட்டு வாசிப்பது. இருபத்தைந்து வயதுத் தவில்காரர் சவால் விட்டுத் தரையில் உட்காருவார், கூட்டம் விசிலடிக்கும், நாமும் உட்காருவோம். உட்காருவது சுலபம். தாளம் முடிந்து எழும்போதுதான் தெரியும். இரண்டு காலையும் சேர்த்து எழ முயலக் கூடாது. ஒரு முட்டியை ஊன்றி, மறுகாலின் பாதத்தை முழுதாகத் தரையில் வைத்து, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து எழ வேண்டும். நாயனத்தைக் கைத்தடியாக ஊன்றினால் அடியில் புனல் மாதிரி இருக்கிற அணசு கழன்று உருளும், ஊர்ப் பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். கூட்டத்துக்கு அது கரகாட்டத்தைவிடப் பிடித்துவிடும், அடுத்த வருஷமும் கேட்பார்கள்.

சர்க்கரை விஷயம் சிரிப்பல்ல, ஆனால் சிரிக்காமல் எழுத முடியவில்லை. மாத்திரையோ ஊசியோ ஏழு மணிக்குப் போட்டுவிட்டு, சாப்பாடு "இதோ" என்று சொல்லிப் பதினோரு மணிக்குப் போடுகிற ஊர்கள் உண்டு. இடையில் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் சொருகும், பேச்சு குழறும். வேறு எங்காவது இப்படி ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள். அம்மன் கோயில் வாசலில் ஆனால் வேப்பிலையைக் கையில் கொடுத்து, "ஆத்தா வந்துட்டா" என்று குறி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். செட்டில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: மூன்று தேக்கரண்டி சர்க்கரை, சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் பார்ப்பது. சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறும், நேரே ஆஸ்பத்திரிதான். மடியில் அவித்த கடலையோ சுண்டலோ எப்போதும் இருக்கட்டும்.

நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ராத்திரி ஊர்வலம் இருக்கிற நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று மருத்துவரையே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நம்மை விடுங்கள், ஆண்பிள்ளைகளுக்கு வேலி ஓரம் இருக்கிறது. கரகம் ஆடுகிற பெண்கள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தண்ணீரே குடிக்காமல் விடிய விடிய ஆடுகிறார்கள். அச்சாரம் பேசும்போதே "பெண்களுக்குத் துணி மாற்ற அறை, கழிப்பறை" என்று கேட்டு வாங்க வேண்டியது செட்டுத் தலைவரின் வேலை. பந்தலுக்கும் சீரியல் செட்டுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிற ஊர் ஒரு கழிப்பறைச் சாவியைத் தர யோசிக்கிறது.

காதைப் பொறுத்தவரை நாயனக்காரர் மோசமான இடத்தில் நிற்கிறார், இரண்டு தவிலுக்கும் நடுவில். 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில் சுகாதாரக்காரர்கள் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். பக்கத்தில் நின்று கேட்கிற தவில் அதைத் தொட்டுவிடும், நாம் நிற்பதோ ராத்திரி முழுக்க. பஞ்சு வைப்பதில் பெரிய பயனில்லை. நுரையில் செய்த காதடைப்பானை உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகினால்தான் பிடிக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். ஒரு எட்டில் நிற்கிறவர் இரண்டெட்டுக்கு நகர்ந்தால் போதும், செலவில்லை. காது மங்கினால் முதலில் போவது உச்ச சுரங்கள், அதனாலோ என்னவோ வயதான நாயனக்காரர்கள் சிலர் மேல் பஞ்சமத்தில் சுருதி கூட்டி ஊதுகிறார்கள், அவர்களுக்கு அது சரியாகவே கேட்கிறது. கேட்காத காதுக்கு ஒரு லாபம் உண்டு. "அண்ணே, ஒரு சினிமாப் பாட்டு" என்கிற குரல் சரியாக அந்த உயரத்தில்தான் வருகிறது.

இனி அரசியல். தேர்தல் வந்தால் எங்களுக்கும் சீசன். எல்லாக் கட்சிக்கும் வாசிப்போம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மைக் செட்காரரும் எல்லோருக்கும்தான் கட்டுகிறார். கவனிக்க வேண்டியது விரல்களை. காலையில் ஒரு கட்சிக்கு நாலு மணி நேரம் அவர்கள் பாட்டை வாசித்த விரல், சாயங்காலம் எதிர்க்கட்சி வேட்பாளர் இறங்கியதும் தானாக அதே மெட்டுக்குப் போகும். நாளுக்கு ஒரு கட்சி என்று வைத்துக்கொள்வது உத்தமம். முடியாவிட்டால் இரண்டு வாசிப்புக்கும் நடுவில் பத்து நிமிஷம் சாமி பாட்டு வாசித்து விரலைக் கழுவிக்கொள்ளலாம். தலைப்பாகை, இடுப்புத் துண்டு இரண்டும் வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளைக்கு மட்டும்தான் இன்னும் யாரும் முழு உரிமை கொண்டாடவில்லை.

தலைவர் ஆறு மணிக்கு வருவார் என்றால் ஒன்பதுக்கு வருவார். ஆகவே சம்பளத்தை "தலைவர் வருகைக்கு" என்று பேசாமல் கடிகாரத்துக்குப் பேசுங்கள்: நாலு மணி முதல் எட்டு மணி வரை இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. பாதி முன்பணம், வேன் வாடகை தனி. தோல் காய்ச்சுவதிலும் அவசரம் வேண்டாம். தமுக்கை வைக்கோல் தீயில் வாட்டி நிமிர்த்தி வைத்தால் பனிக்காலத்தில் அரைமணியில் மறுபடி தொய்யும். முன்னால் வருகிற போலீஸ் வண்டியின் சைரன் கேட்ட பிறகு தீ மூட்டினாலே நேரம் சரியாக இருக்கும்.

வரவேற்பு அலங்காரங்களைக் கண்டு ஒதுங்கி நிற்கத் தெரிய வேண்டும். கிரேனில் ராட்சத மாலை தொங்கினால் அதன் நிழலில் நிற்காதீர்கள். ஜேசிபியில் பூ கொட்டினால் நாயனத்தின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள், அணசுக்குள் பூ அடைத்தால் கீழ் சுரங்கள் செத்துவிடும். பளபளா காகிதத்தைப் பீய்ச்சுகிற குழாய் இன்னும் ஆபத்து. நாம் வாயைத் திறந்து மூச்சிழுக்கிற அந்த நொடியில்தான் வெடிப்பார்கள். பத்தாயிரம் வாலாவுக்குக் காற்று வரும் திசையில் நில்லுங்கள், புகை எதிர்த்திசையில் போகும்.

பணம் வாங்குவதில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம், மக்களவைக்கு 95 லட்சம். மேளமும் அந்தக் கணக்கில் சேரும். மாவட்டத் தேர்தல் அலுவலர் போடுகிற விலைப்பட்டியல்படி எழுதுவார்கள், நம்முடைய உண்மையான சம்பளம் எது என்று அந்தப் பட்டியலைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ளலாம். ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ தேர்தல் முழுமைக்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதானால் காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் வேட்பாளர் கொடுக்க வேண்டும். அதனால் செட்டின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பது நல்லது. "அண்ணன் ஜெயிச்சதும் பாத்துக்கலாம்" என்கிற வகைக் காசோலை எந்த வங்கியிலும் மாறாது. தோற்றால் அண்ணனைப் பார்க்க முடியாது, ஜெயித்தால் அதைவிடப் பார்க்க முடியாது.

இன்னொன்று, தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கையில் இருந்து கணக்கு காட்ட முடியாவிட்டால் பறக்கும் படை பிடித்துவைக்கும். திருவிழா சீசனும் அப்போதே வருவதால் நாலு ஊர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வருகிற செட்டு வசமாக மாட்டும். ஊர்க் கமிட்டியின் ரசீது, நிகழ்ச்சி நோட்டீஸ், வாரிய அட்டை மூன்றும் வேனிலேயே இருக்கட்டும். பிடிபட்டாலும் பயப்பட வேண்டியதில்லை, ஆவணம் காட்டி முறையிட்டுத் திரும்ப வாங்கலாம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். மைக்கை நிறுத்திவிட்டு "நீங்க சும்மா வாசிங்க" என்பார்கள். மைக் இருந்தபோது கேட்டதைவிட அப்போது அதிகமாகக் கேட்கும், அதற்கும் நம் பெயரில்தான் புகார் போகும்.

மேடையில் சம்பளத்துக்கு முன்னால் வருவது பொன்னாடை, சில இடங்களில் சம்பளத்துக்குப் பதிலாகவும் அதுதான். வாழ்த்துகிற கைகளைக் குறை சொல்லவில்லை, துணியைத்தான் சொல்கிறேன். பாலியஸ்டர் வியர்வை உறிஞ்சாது, துடைத்தால் முகத்தில் இருந்ததை கழுத்துக்குத் தள்ளும். போர்த்தினால் வேகும், ஜரிகை குத்தும், தீப்பக்கம் போனால் உருகி ஒட்டும். ஆனால் ஈரத்தை உள்ளே விடாத குணம் ஒன்றுக்கு உதவும்: பனியில் வைத்த தவிலையும் பம்பையையும் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் தோல் தொய்யாது. ஒரு செட்டுக்கு இப்படி எட்டு போதும். மீதியைக் கொடுத்தவர்களுக்கே அடுத்த கூட்டத்தில் போர்த்திவிடலாம், யாரும் அடையாளம் கண்டுபிடிப்பதில்லை.

வாரியம், ஓய்வூதியம், ரேஷன் என்று எங்கே போனாலும் விரல் வைக்கச் சொல்கிறார்கள். வயதானால் ரேகை தேயும், தோல் வறளும், கருவி "பொருந்தவில்லை" என்று சொல்லும். ஐம்பது வருஷம் தாளம் போட்டுத் தேய்ந்த விரல், நாம் நாம்தான் என்று சாட்சி சொல்ல மறுக்கிறது. விரலைச் சோப்பால் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்துவிட்டு வையுங்கள். ஆள்காட்டி விரலோடு மல்லுக்கட்டாமல் வேறு விரலை முயலுங்கள், தவில்காரர்களுக்குக் கூடு மாட்டுகிற வலக்கை விரல்கள் கொஞ்சம் பத்திரமாகவே இருக்கும். அதுவும் ஆகவில்லை என்றால் கருவிழி, முகப்பதிவு என்று மாற்று வழிகள் உண்டு. நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

85 வயது முடிந்தவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டுப் போடுகிற வசதி வந்திருக்கிறது. முன்பு 80 என்று இருந்தது, 2024இல் 85 ஆக்கிவிட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும். அலுவலர்கள் தேதி சொல்லி வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்கு எந்தக் கோயில் கொடைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் தடவை ஆள் இல்லை என்றால் இன்னொரு தடவை வருவார்கள், அப்போதும் இல்லை என்றால் அவ்வளவுதான். சாவடிக்குப் போயும் போட முடியாது. 85 வயதில் கச்சேரிக்குப் போனதால் ஓட்டுப் போச்சு என்று சொன்னால் அலுவலர் நம்பவும் மாட்டார்.